துரைக்கு உப்பு ஆகாது

"பூனைக்கு மீனு, மாமனாருக்கு அவிச்ச பீன்ஸா அண்ணி?"

அப்பாவைப் பார்க்க வந்த மகள், பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறைக்குள் நுழைந்து கேட்ட முதல் கேள்வி இது.

அண்ணி நிமிரவில்லை. வெந்த மீனை உதிர்த்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மசித்த பூசணிக்காய், முட்டையின் மஞ்சள் கரு, கடைசியாகச் சில சொட்டு மீன் எண்ணெய்.

"இவ்வளவும் துரைக்கா?"

"ஆமாம்மா. முடி கொத்துக்கொத்தாக் கொட்டுச்சு. தோலெல்லாம் செதில் செதிலா உரிஞ்சுது. இப்படி வீட்டுலயே செஞ்சு கொடுத்தா தேறும்னு கால்நடை டாக்டர் சொன்னார். வெங்காயம், பூண்டு கிட்டயே வரக்கூடாது. உப்பு துளிகூட ஆகாது."

துரை ஜன்னல் கட்டையில் சாய்ந்து படுத்திருந்தது. வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேட்டி முடிந்தது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது. உடம்பு பட்டு மாதிரி மின்னியது.

"எங்கப்பாவுக்கும்தான் பாதித் தலையில முடி இல்ல. அவருக்கு யாரு மீன் எண்ணெய் விட்டா?"

"மாமாவுக்கு ரத்த அழுத்தம்மா. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"குறைங்க. உப்பில்லாம அவருக்கும் ஒரு துண்டு மீன் அவிச்சா ஆகாதா? பூனைக்கு மட்டும் அவிக்கத் தெரியுதுல்ல?"

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மகளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சாயங்காலம் அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன். அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அண்ணி மீன் எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்தாள்.

"மாமா வர்றேன்னா கூட்டிட்டுப் போம்மா" என்றாள் மெதுவாக. பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட்டுக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மாமா, இது ஆறினதும் துரைக்கு வச்சிடுங்க. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு வர்றேன்."

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், அடுப்பு மேடை ஓரமாக அப்பா. பூனைக்கு வைத்த பாத்திரத்திலிருந்து கரண்டி கரண்டியாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பூனைச் சோத்தைத் திருடித் தின்கிற அளவுக்கு ஆயிடுச்சா உங்க நிலைமை?"

"கத்தாதடி! மாடிக்குக் கேட்டுடப் போகுது." அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "திருட்டும் இல்ல, புரட்டும் இல்ல. இந்தத் துரை இதை மோந்துகூடப் பார்க்காது. அதுக்குக் கடைப் பாக்கெட்டுத் தீனிதான் இறங்கும். உன் அண்ணி பாவம், முள் முள்ளாப் பொறுக்கி வச்சுட்டுப் போறா. தொடலைன்னு தெரிஞ்சா அவ மூஞ்சி சுண்டிப்போயிடும். அதான் நானே காலி பண்ணிடறேன்."

"உப்புகூட இல்லாமலா?"

"ஒரு காதை மாடிப்படியில வச்சுக்கிட்டுல்ல சாப்பிடறேன்! இதுல உப்பு டப்பாவை எங்கே போய்த் தேட?" கடைசிக் கரண்டியையும் வழித்துப் போட்டுக்கொண்டார். "பழகிடுச்சு. பூசணிக்காய் சேர்ந்தா ஒண்ணும் மோசமில்ல. நீ அவகிட்ட மூச்சு விட்டுடாத."

"வேண்டாம்பா. பேசாம என்னோட வந்துடுங்க."

"நான் வந்துட்டா இதை யாரு தின்பா?"

சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாடிக்குப் போனாள். அண்ணி உதறிய போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே துரைக்குன்னு மெனக்கெட்டுச் சமைக்காதீங்க. அது தொடறதே இல்லையாம்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

அண்ணி வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

"முதல்ல நெசமாவே அதுக்குத்தான் செஞ்சேன். துரை அய்யா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். அப்புறம் மருந்துலயே குணமாயிடுச்சு. அதே மீனை மாமா தட்டுல வச்சுப் பார்த்தேன். 'ஆஸ்பத்திரிச் சாப்பாடா?'ன்னு தள்ளி விட்டுட்டார். ஒருநாள் துணி எடுக்கக் கீழே வந்தேன். 'நீ திங்கலைன்னா அவ வருத்தப்படுவாடா'ன்னு துரைகிட்ட சொல்லிக்கிட்டே அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். சத்தம் போடாம மேலே வந்துட்டேன்."

"அப்போ இன்னிக்கு வரைக்கும் இந்த மீனு, பூசணிக்காய் எல்லாம்..."

அண்ணி கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தன் உடம்புக்குன்னா உப்பில்லாம ஒரு வாய் இறங்காதும்மா அவருக்கு. என் மனசு நோகக் கூடாதுன்னா பாத்திரத்தையே வழிச்சிடறார்!"