இவருக்குப் பதில் இவர்

சட்டைக் காலரில் பவுடர் கறை. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து வசந்தகுமாரி மோந்து பார்த்தாள். வீட்டுப் பவுடர் வாசனை இல்லை. காலரின் உள்பக்கம் சுற்றிலும், கழுத்துக்கே சுண்ணாம்பு அடித்த மாதிரி, சந்தன நிறத்தில் அப்பிக்கிடந்தது.

எதிர்வீட்டு ரைஹானாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இன்னாக்கா இது, 'மங்கலத்து மருமகள்' சீன் மாரியே கீது."

வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. போன மாதம் சீரியலில் அந்தக் காட்சி வந்தபோது, 'காலரில் கறையாம், பெண்டாட்டி கண்டுபிடித்தாளாம், எழுதுகிறவருக்குக் கற்பனை வறண்டுவிட்டதா?' என்று யூடியூபில் கருத்துப் போட்டு லைக்குகளை அள்ளியவள் அவள்தான்.

பட்டாபிராமில் அந்த சீரியலை அவளைப்போல் வைதவரும் கிடையாது, அவளைப்போல் ஒருநாள் விடாமல் பார்த்தவரும் கிடையாது. கதாநாயகிக்கு மூன்று முறை 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டு ஆள் மாற்றினார்கள். 'மூஞ்சி மாறியதுகூடத் தெரியாத புருஷன் ஒரு ஹீரோவா?' என்று அவள் கேட்ட கேள்வி ரசிகர் குழுவில் பொன்மொழியாக உலவியது.

இப்போது மாமனார் சிவஞானமாக நடித்தவரும் விலகிவிட்டார். அன்று தொடங்கிய புலம்பல் சோறு போடும்போதும் ஓயவில்லை. திருமழிசையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் நாகேந்திரன் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். "எங்கிட்ட இன்னாத்துக்கு அழுவுற? சீரியல எட்த்தவன் கைல போய்க் கேளு."

அதற்குப் பிறகுதான் அவர் நடவடிக்கையே சரியில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசையை எடுத்துவிட்டார். கேட்டால் "வெயிலுக்கு" என்றார். பழைய கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று காலையிலேயே கிளம்பினார். ஒருநாள் குளியலறைக்குள் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். "நீ வந்தப்புறந்தான் இந்த வீட்டுக்கே வெளிச்சம் வந்துச்சு."

வசந்தகுமாரி கதவில் காதை வைத்தாள். அந்த நிலையிலும், வசனம் அரதப்பழசு என்று தோன்றத்தான் செய்தது.

"சொன்னா தப்பா எட்த்துக்காதக்கா," என்று ரைஹானா குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஊட்டுக்காரரு ஆட்டோவுல போறச்சே பாத்தாராம். வேலப்பன்சாவடியாண்ட ஒரு பெரிய பங்களா. வாசல்ல ஒரு பொண்ணோட டீ குடிச்சுகினு, சிரிச்சுகினு கீறாராம் அண்ணன்."

"இன்னா பொண்ணு?"

"சின்ன வயசு. காலங்காத்தால பட்டுப்பொடவை, கழுத்து நெறைய நகையாம்."

தன் கல்யாணப் போட்டோவின் மேல் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடுவதுபோல வசந்தகுமாரிக்குக் கண் இருட்டியது.

"பின்னாடியே போயி கையும் களவுமா புடிக்கா."

"புடிச்சா? அங்கியே நான் மயங்கி வுழணும். டமால் டமால்னு இடி இடிக்க என் மூஞ்சிய மூணு பக்கமும் காட்டணும். அந்தக் கண்றாவிய எத்தினி வாட்டி திட்டிகீறேன்? வந்ததும் நேராவே கேக்கப்போறேன்."

வந்ததும் கேட்கவில்லை. வாழ்க்கை எக்கேடு கெட்டாலும் அன்றைக்குப் புது சிவஞானம் வருகிறார். காரிலிருந்து இறங்கும் அவர் கால்களை மட்டும்தான் முன்னோட்டத்தில் காட்டியிருந்தார்கள். அதற்கே 'காலைப் பார்த்தாலே நடிப்பு வராத ஆள் என்று தெரிகிறது' என்று எழுதிவைத்திருந்தாள். முகத்தையும் கிழித்துவிட்டு அப்புறம் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

சீரியல் என்றாலே மொட்டை மாடிக்கு ஓடுகிற நாகேந்திரன், அன்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். விளம்பரம் முடிவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாருங்க அவ?"

"எவ?"

"வேலப்பன்சாவடி."

நாகேந்திரன் முகம் வெளிறியது. "கொஞ்சம் பொறும்மே. உங்கிட்ட மறைக்க முடியாது. இப்ப நீயே பாத்துடுவ."

"மினுக்கிகினு இங்கியே வராளா?" அவள் குரல் உடைந்தது. "நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன். நீங்களும் அவளும்..."

தலைப்பு இசை முழங்கியது. பழக்க தோஷம், அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். இடப்பக்கம் பழைய சிவஞானம். வலப்பக்கம் புதியவர். நடுவில் அந்த வரி.

வசந்தகுமாரி திரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

திரையில் மீசையில்லாத மாமனார், பட்டுப்புடவை கட்டி மாவரைத்துக்கொண்டிருந்த மருமகளின் தலையில் கைவைத்தார். "நீ வந்தப்புறந்தான் இந்த வீட்டுக்கே வெளிச்சம் வந்துச்சு." இடி இடித்தது.

"நீ பொலம்பறியேன்னு, பழைய ஆளயே போடுங்கன்னு கேக்கத்தாம்மே அந்த ஷூட்டிங் பங்களாவுக்குப் போனேன்," என்றார் நாகேந்திரன் மெதுவாக. "என்னிய ஏற எறங்கப் பாத்தாங்கோ. மீசைய எடுப்பியான்னு கேட்டாங்கோ."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எப்பிடிம்மே பண்ணிகீறேன்?"

பிடித்த கையை விடாமலே வசந்தகுமாரி சொன்னாள்:

"பழைய சிவஞானமே தேவலாம்."