விடுப்பு விண்ணப்பம்

புதிய ரிப்போர்ட் மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறதென்று மூன்று முறை விடுப்பு கேட்டவர். மேனேஜர் மூன்று முறையும் மறுத்தார். போன மாதம் மனிதர், இப்போது அவள் உட்கார்ந்திருக்கும் இந்த மேசையிலேயே சரிந்து செத்துப்போனார்.

"அந்தாளு பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடும்மா. எத்தனை தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தார் மேனேஜர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துச் சோதித்தாள். இணைப்பு கிடைத்தது. ஆனால் இணைந்திருப்பவர் என்ற இடத்தில் செத்துப்போனவர் பெயர் இருந்தது. காலையில் அவளே அழித்த பெயர். மறுபடி அழித்தாள். மறுபடி அவரே வந்தார்.

"நகரு, நான் பாக்கறேன்."

மேனேஜர் ரிப்போர்ட்டைத் திறந்தார். அதில் ஒரே ஒரு வரி: செத்துப்போனவருடைய விடுப்பு விண்ணப்பம், இன்றைய தேதியில்.

"எவன் வேலை இது?" என்று கத்தியபடி நிராகரித்தார். வரி மறைந்து திரும்ப வந்தது. மறுபடி நிராகரித்தார். மறுபடி வந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "செத்தும் லீவு குடுக்க மாட்டீங்களா சார்?" என்று மவுஸைப் பிடுங்கி, அனுமதி கொடுத்தாள்.

வாசலில் கைரேகை இயந்திரம் ஒரு முறை ஒலித்தது. யாருமில்லாத கதவு திறந்து, மெல்ல மூடிக்கொண்டது.