ஆனி டீச்சரின் ஆட்சேபணை

"எங்க தெருவ நம்ம எம்.எல்.ஏ.கிட்டேர்ந்து பிரிக்காதீங்க சார்!"

ஆனி டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னதும் நந்தனத்து அரங்கத்தில் விசில் பறந்தது. எம்.எல்.ஏ.வின் ஆட்கள் வேன் வைத்து அழைத்து வந்த கூட்டம். தட்டச் சொன்ன இடத்திலும் தட்டும், சொல்லாத இடத்திலும் தட்டும்.

மேடையில் தொகுதி மறுவரையறைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி கஸ்தூரிரங்கன், வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். புதிய மக்கள்தொகைக் கணக்குப்படி எம்.எல்.ஏ.வின் தொகுதியில் ஆள் அதிகம். அதனால் கால்வாயோரம் இருந்த டீச்சரின் தெருவை வெட்டிப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்திருந்தார்கள்.

இத்தனைக்கும் டீச்சருக்குப் பேச டோக்கனே கிடைக்கவில்லை. வாசலில் தவித்துக்கொண்டு நின்றவரை எம்.எல்.ஏ. கட்சியின் வட்டச் செயலாளர் டில்லிபாபுதான் பார்த்தான்.

"இன்னா டீச்சர், அண்ணன் தொகுதியிலயே இருக்கணும்னு தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கினு வந்துகீறீங்களாமே! இந்தாங்க, என் டோக்கன். வுடாதீங்க, பேசுங்க!" என்று அவர் கையில் திணித்துவிட்டுப் போனான். அண்ணன் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.

"எந்தத் தொகுதியில இருந்தா என்னம்மா? ஓட்டு ஓட்டுதானே?" என்றார் நீதிபதி. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்ட எரிச்சல் அவருக்கு.

"இல்ல சார். எனக்கு அவர் நிக்கிற தொகுதியிலதான் ஓட்டு வேணும். நாலு வருஷம் முன்னாடி என் ஒரே பையன் ஷெல்டன் பீச் ரோட்டுல கார் மோதி விழுந்து கெடந்தான். மொத ஆளா அவன் பக்கத்துல நின்னது எம்.எல்.ஏ.தான். ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாத்தையும் அவரே பாத்துக்கிட்டார். நான் கண்ண மூடுற வரைக்கும் அதை மறக்க மாட்டேன்."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு இல்லையா!

நீதிபதி இளகவில்லை. "உருக்கமாப் பேசினா ஆச்சா? உங்க தெருவை விட்டா வேற எங்கேம்மா குறைக்கறது? கணக்கு சொல்லுங்கோ."

கேட்டதுதான் கேட்டார், அதுவும் யாரிடம்! அந்த வட்டாரத்தில் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கியதே ஆனி டீச்சர்தான். பள்ளிக்கூட வேலை போதாதென்று அதையும் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

"எங்க தெருவுல அறுநூத்திப் பன்னெண்டு பேர் சார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் புது அடுக்குமாடியில அறுநூத்தி முப்பது பேர். அவங்களக் குடுத்துட்டு எங்கள வச்சுக்குங்க. கால்வாயே எல்லையாவும் ஆயிடும்."

நீதிபதி வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த அதிகாரியிடம் ஏதோ கேட்டார். "நியாயமாத்தான் இருக்கு. குறிச்சுக்குங்கோ, இறுதிப் பட்டியல்ல மாத்திடலாம்" என்றார்.

மறுபடியும் விசில். டீச்சர் மேடையை விட்டு இறங்கினார். வரைவுப் பட்டியல் வந்த நாளிலிருந்தே சரியான தூக்கம் இல்லாதவர், நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

டில்லிபாபு ஓடி வந்தான். "கலக்கிட்டீங்க டீச்சர்! அண்ணனாண்ட சொன்னா அப்படியே குளுந்துடுவாரு. உங்களுக்கு இன்னா வேணும், கேளுங்க!"

"அன்னிக்கு என் பையனக் கொன்ன அந்தக் கார்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது உங்க அண்ணன்தான்னு கோர்ட்டுல என்னால நிரூபிக்க முடியல தம்பி" என்றார் ஆனி டீச்சர். "அவனத் தோக்கடிக்க எனக்கு இந்த ஒரு ஓட்டுதான் மிச்சம்."