பதினேழாவது கேள்வி

"எட்டு மாசத்துல ஒரு பிள்ளை பிறந்து தவழ ஆரம்பிச்சிடும்லா! உங்க மெஷின் இன்னும் கண்ணே திறக்கல!"

மேலாளர் வேலாயுதம் போட்ட சத்தம் கீழே டன்லப் ஸ்ட்ரீட் பிராட்டா கடை வரைக்கும் கேட்டிருக்கும். கம்ப்யூட்டர் பிரிவு சவரிராஜ் தலையைச் சொறிந்தார்.

"முந்நூறு கேள்வி கேட்டோம் சார். இன்னைக்கும் பதினேழுக்குப் பதில் வரல."

"நேத்தும் அதானே சொன்னீங்க!"

"நேத்தும் வரல சார்."

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான உர்சுலா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அவளை எடுத்திருந்தார்கள். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அது லாரி உதிரிபாகக் கம்பெனி. வாடிக்கையாளர் போன் செய்தால், ஆபீஸ் கம்ப்யூட்டர் கிராஞ்சியில் உள்ள குடோனைக் கேட்கும்: இந்தச் சாமான் இருக்கிறதா? அங்கே வேலை பார்க்கும் ரத்தினம்மா அலமாரியை எட்டிப் பார்த்து, இருக்கு, இல்லை என்று தட்டி அனுப்புவார். இனி அந்த வேலையை ஹாங்காங் தலைமையகம் அனுப்பிய புது மெஷின் செய்ய வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தால் போதும். சொன்னது மனுஷியா மெஷினா என்று அது விசாரிக்காது.

முந்நூறுக்கும் பதில் சொல்லிவிட்டால் மெஷின் குடோனுக்குப் போகும், ரத்தினம்மா வீட்டுக்குப் போவார். எட்டு மாதமாக இரண்டும் நடக்கவில்லை.

சவரிராஜ் சாப்பிடப் போன நேரம் பார்த்து, உர்சுலா பழைய டெஸ்ட் பிரின்ட் அவுட்டுகளை எல்லாம் தரையில் பரப்பினாள். எந்த மாதத்தை எடுத்தாலும் பதினேழாவது கேள்வியில் ஒரு கோளாறு, முப்பத்துநாலில் ஒன்று, ஐம்பத்தொன்றில் ஒன்று. மெஷின் கெட்டால் கண்டபடி கெடும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரியா கெடும்?

அவள் புது மெஷினின் கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முந்நூறு கேள்வி டெஸ்ட்டை ஓட்டினாள். நியாயப்படி ஒரு பதில்கூட வரக்கூடாது.

இருநூற்று எண்பத்து மூன்று பதில் வந்தது.

பேய்தான் பதில் சொல்கிறதோ என்று டிஸ்க்கைத் தோண்டினாள். உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு டம்மி. கம்ப்யூட்டர்காரர்கள் சோதனைக்கென்று எழுதிக்கொள்ளும் சின்ன புரோகிராம் அது. அசல் ஆள் இல்லாதபோது அவர் இடத்தில் நிற்கும். சொல்லச் சொன்னதைச் சொல்லும், கோளாறு பண்ணச் சொன்னால் அதையும் சமர்த்தாகப் பண்ணும். பதினேழு கேள்விக்கு ஒருமுறை வாயை மூடிக்கொள் என்று சவரிராஜ் அதற்குச் சொல்லி வைத்திருந்தார். எட்டு மாதமாகப் புது மெஷினை யாரும் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

கேபிளை மாட்டி, டம்மியைத் தூக்கிவிட்டு ஓட்டினாள். முந்நூறுக்கு முந்நூறு.

உர்சுலா கதவைத் தட்டாமலே வேலாயுதம் அறைக்குள் போனாள்.

"சார், மெஷின் நல்லா இருக்கு! சவரிராஜ் அண்ணன்தான் டம்மியை வச்சு ஏமாத்துறார்!"

வேலாயுதம் எழுந்து கதவைத் தாழிட்டார்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அதைப் போடச் சொன்னதே நான்தான்."

உர்சுலா தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தாள். வேலாயுதம் தொடர்ந்தார்.

"ரத்தினம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூர்க்காரங்க. புருஷன் இல்ல. வேலை போனா இங்க தங்குற பெர்மிட் போச்சு, மகளைக் கூட்டிக்கிட்டு உட்லண்ட்ஸ் வாடகை ரூமைக் காலி பண்ணணும். அந்தப் பிள்ளை நவம்பர்ல ஓ லெவல் பரீட்சை எழுதுது. அதுவரைக்கும் விட்டு வைங்கன்னு ஹாங்காங்குக்கு ரெண்டு பக்கம் எழுதினேன். 'நோ'ன்னு ஒரே வார்த்தையில பதில்."

"அப்புறம் எதுக்கு சார் சவரிராஜ் அண்ணனை தினமும் அந்தத் திட்டு திட்டுறீங்க?"

"திட்டலன்னா ஹாங்காங்காரன் நம்புவானா? ஆபீஸ்ல அவனுக்கு ஆள் இருக்கும்மா."

"சரி சார். கோளாறு எதுன்னு தெரிஞ்சிருந்தும் அதைக் கண்டுபிடிக்க என்னை ஏன் எடுத்தீங்க?"

காலையில் அத்தனை சத்தம் போட்ட மனிதர் இப்போது மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

"ஆள் எடுன்னு அங்கேர்ந்து உத்தரவு. பதினோரு பேர் வந்தாங்க. பத்து பேரு படுசுட்டி. நீ மட்டும் கேட்டதுக்கெல்லாம் பேந்தப் பேந்த முழிச்சே. இந்தப் பொண்ணுக்கு ஜென்மத்துக்கும் பிடிபடாதுன்னு நம்பி எடுத்தேன். மோசம் போயிட்டேன்மா."

உர்சுலாவுக்குக் காது சிவந்தது. அவமானமாக இருந்தது. ஐந்து மணிக்கு ஹாங்காங்குக்கு அவளுடைய முதல் அறிக்கை டெலக்ஸில் போக வேண்டும். எட்டு மாதக் கோளாறை மூன்றே நாளில் முடித்தவள் என்று பெயர் வாங்கலாம். அவள் முட்டாள் இல்லை என்று இந்த மனிதருக்கும் புரியும்.

தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சவரிராஜ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். தரையில் பரந்து கிடந்த காகிதங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஏன் அண்ணே, எவனாவது ஒழுங்கா பதினேழுக்கு ஒண்ணுன்னு வைப்பானா? தள்ளுங்க."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து, டம்மி தாறுமாறாகக் கோளாறு பண்ணும்படி திருத்தி எழுதினாள். பிறகு டெலக்ஸ் முன்னால் போய் உட்கார்ந்து, தன் முதல் அறிக்கையை அடித்தாள்:

"எவ்வளவு முயன்றும் கோளாறு என் அறிவுக்கு எட்டவில்லை. நவம்பர் முடியும்வரை அவகாசம் தரவும். உர்சுலா."