ஒரே சர்வரில் எத்தனை

சன்னல் கம்பிகளின் நிழலை மதிய வெயில் மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. மேசையடியில் சர்வரின் விசிறிகள் இரைகின்றன. ஓரகத்திகள் இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். ஒரு மருத்துவரின் நோயாளி விவரம் இன்னொருவருடையதோடு கலக்காதபடி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி டேட்டாபேஸ். இப்போது பல் மருத்துவர் சங்கமே பத்தாயிரம் மருத்துவமனைகளோடு மொத்தமாகச் சேர வருகிறது. சர்வர் தாங்குமா? வெற்று டேட்டாபேஸ்களாக ஏற்றிப் பார்க்கிறார்கள்.

"ஒரே வீட்டுல எத்தனை அடுப்புதான் வைப்பே?" என்கிறாள் மூத்தவள்.

"பாத்துடலாம்க்கா." இளையவள் விசையைத் தட்ட, ஏறிய டேட்டாபேஸ்களின் எண் திரையில் ஓடுகிறது. நான்காயிரத்தைத் தாண்டியதும் எண் நிற்கிறது. திரையில் சிவப்பு வரி. "பயப்படாதீங்க, மெமரி பாதிகூட நிரம்பல. ஒரே நேரத்துல இவ்வளவு ஃபைல்தான் திறக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு. அதைக் கூட்டினாப் போதும்." விரல்கள் பறக்கின்றன. எண் மறுபடி ஓடுகிறது. ஐந்தாயிரம், ஆறாயிரம். மூத்தவள் அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பிறகு ஓட்டம் நடையாகி, நடை தவழலாகி நின்றேவிடுகிறது. இந்த முறை மெமரியே நிரம்பிவிட்டது. இளையவள் துள்ளி எழுந்ததில் நாற்காலி சாய, இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை காலம் பயந்த எல்லை கண்ணெதிரே வெறும் ஓர் எண்ணாக நிற்கிறது. மூத்தவள் மூச்சு வாங்கியபடி சங்கத் தலைவரை அழைக்கிறாள்.

"டாக்டர், ஒரு சர்வர் பத்தாது. ரெண்டு இருந்தா எல்லாரும் வரலாம்."

இளையவள் விரலைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறாள். மூத்தவள் போனைக் கையால் பொத்துகிறாள்.

"ஆளுங்க இன்னும் சேருவாங்களாம்டி. மூணா வாங்கித் தர்றாராம்!"