பன்னிரண்டு தலைகள்

கால்பந்து ஸ்டேடியத்தின் சிமெண்ட் படிகளில் நாலரை மணி வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஏசுபாதம், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு தன் டீமைத் திட்டித் தீர்க்கிறார். "லெஃப்ட் பேக்கா இவன்? கேட்டைத் திறந்து வச்சிட்டு நிக்கிறான்! கீப்பரைப் பாரு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி!" மனைவி லில்லி சிரித்துக்கொண்டே கடலைத் தோலை ஊதுகிறாள். அப்போது அவர்களுடைய ஒன்பதாம் நம்பர்க்காரன் எதிராளியோடு தலை முட்டி விழுகிறான். எழுந்து, திசை தெரியாமல் தன் டீம் கோலை நோக்கியே ஓடுகிறான். டீமில் கோல் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஏசுபாதம் கம்பிவேலிக்குப் பாய்கிறார். "கோச் சார்! தலையில அடி, அவனை வெளிய எடுங்க!" "யோவ், அப்புறம் கோல் நீ போடுவியா?" என்று கேலரி கத்துகிறது. கோச் ஆளை மாற்றுகிறார். மீதிப் பத்து நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்கிறார்கள். விசில் ஊதியதும் ஏசுபாதம், ஷிஃப்ட் முடிந்து சுரங்க லிஃப்டில் ஏறி வருகிறவர்களை எண்ணிய அதே விரலால், வெளியேறும் தன் டீம் ஆட்டக்காரர்களை எண்ணுகிறார். பெஞ்சில் ஐஸ் வைத்துக்கொண்டிருப்பவனையும் சேர்த்துக்கொள்கிறார். முகம் மலர்கிறது. "தோத்தாச்சு, இன்னா சிரிப்பு?" என்கிறாள் லில்லி. "பன்னெண்டு," என்று கடைசிக் கடலையை வாயில் போடுகிறார். "எல்லாரும் மேல வந்துட்டானுங்க."