ரெண்டு ஸ்டாரும் ஒரு கன்டெய்னரும்

இறுதி ஆட்டத்துக்கு எங்கள் அணியிலிருந்து இரண்டு பேர்தான் வந்து சேர்ந்திருந்தோம்.

நானும் ஆலனும். அதாவது, ஸ்டார்கள்.

எதிரணியில் ஒரு கூட்டமே வேர்த்து விறுவிறுக்க ஓடிப் பழகிக்கொண்டிருந்தது. பாவம், அதில் ஒருவனைக்கூட யாருக்கும் தெரியாது.

மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டி. ரெண்டு ஸ்டார் இருக்கும்போது கோப்பை எங்கே போய்விடும் என்று எங்கள் மேனேஜர் குணாளன் முதலாளியிடம் மார்தட்டியிருந்தார். எங்கள் இருவரையும் பேக்கிங்கில் வேலைக்கு எடுத்ததே பந்துக்காகத்தான். கான்ட்ராக்ட் வேலை. கோப்பையைக் கொண்டுவந்தால் பெர்மனன்ட் என்று பேச்சு.

எனக்கு அது வேண்டும். கட்டாயம் வேண்டும்.

தம்போயில் பெண் பேசி முடித்தாகிவிட்டது. வருங்கால மாமனார் காளியப்பன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வேலை பெர்மனன்டா? ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்குள் அதை உண்மையாக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

போட்டி தொடங்கியதிலிருந்து நானும் ஆலனும் மத்தியானமே மைதானத்துக்குக் கிளம்பிவிடுவோம். எங்கள் பங்குப் பெட்டிகளை அணியின் மற்ற ஐந்து பேரும் அடுக்குவார்கள். அவர்களும் பேக்கிங்தான். நல்ல பையன்கள். பந்து கிடைத்தால் உடனே எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். அதில் தீபன் பெயர் மட்டும் எனக்குத் தெரியும். என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வருபவன் அவன்தான்.

நடுவர் வந்து எங்களை எண்ணிப் பார்த்தார். எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, கால் மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் கோப்பை அவர்களுக்கு என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

"நாம ரெண்டு பேரே அஞ்சு பேருக்குச் சமம்னு அவர்கிட்ட யாராச்சும் சொல்லுங்க லா" என்றான் ஆலன். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குணாளன் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். பேக்கிங் சூப்பர்வைசர் செல்வராணி அக்கா எடுத்தார். அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"நீங்கதானே பாஸ் சொன்னீங்க, ஸ்டார் ரெண்டு பேரை மட்டும் வுட்டுடு, மத்தவனுங்க கன்டெய்னர ஏத்தி முடிக்கட்டும்னு? ஏத்திக்கிட்டு இருக்கானுங்க. பாதிகூட ஆகல."

குணாளன் தலையில் கை வைத்தார். அவர்களை உடனே அனுப்பச் சொன்னார். அக்கா மசியவில்லை. கன்டெய்னர் இன்றைக்கே துறைமுகத்துக்குப் போயாக வேண்டும், பையன்களோ போனால் ஐந்து பேரும் சேர்ந்துதான் போவோம் என்கிறார்களாம், குறைந்தது இரண்டு ஆளாவது கொடுத்தால்தான் அந்த ஐந்து பேரை விடுவாராம்.

குணாளன் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

தொழிற்சாலை பக்கத்துத் தெருதான். கம்பெனி பஸ் அவர்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்ள வந்து நின்றது. தீபனிடம் ஜெர்சி இல்லை. மாசாயில் இருக்கும் வீட்டுக் கொடியில் காய்கிறதாம்.

"கழட்டுடா" என்றார் குணாளன் என்னிடம்.

முதுகில் ரூபேந்திரன் என்று பெரிதாகப் போட்ட ஜெர்சி. பெயரை என் கைக்காசில் போட்டிருந்தேன். தீபனுக்கு அது முழங்கால்வரை தொங்கியது. வெறும் பனியனோடு பஸ் ஏறினேன்.

நானும் ஆலனும் பெட்டி ஏற்றினோம். கை மாற்றிக் கொடுத்துப் பழக்கமில்லை. ஆளுக்கொரு பெட்டியை நாங்களே தூக்கி, நாங்களே சுமந்து போய், நாங்களே வைத்துவிட்டு வந்தோம்.

"ஒருத்தன் குடு, ஒருத்தன் வாங்கு லா!" என்று அக்கா கத்திப் பார்த்து ஓய்ந்தார்.

அவர்கள் தோற்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மனதார வேண்டினேன். ஆலன் ஒரு மூலைக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டான். அவனும் அதையேதான் கேட்டிருப்பான். இத்தனை மாதத்தில் அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே அணியாக இருந்தோம்.

கன்டெய்னர் கதவைச் சாத்தும்போது குரூப்பில் படங்கள் வந்து விழுந்தன. குணாளன் கையில் கோப்பை. சுற்றி ஐந்து பேர். ஐந்து பேரையும் முதலாளி அங்கேயே பெர்மனன்ட் ஆக்கிவிட்டாராம்.

கூப்பிட்ட குரலுக்கு ஒரு சாமியும் வரவில்லை.

கடைசிப் படத்தில் தீபன் எம்பி ரிங்குக்குள் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. முதுகில் என் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

அதை மட்டும் தம்போய் மாமனாருக்கு அனுப்பினேன். 'ஜெயிச்சிட்டோம் மாமா' என்று கீழே எழுதினேன்.

உடனே பதில் வந்தது.

'பார்த்தோம் தம்பி. குடும்பத்தோட மைதானத்துலதான் இருக்கோம். உங்க சட்டையைப் போட்டு விளையாடுனாரே, அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?'